கரிம நானோ குழாயில் அரிதானது நீளமே

கீழடிப் பானை ஓடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் கரிம நானோ குழாய்கள் இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதியதிலிருந்து, மதுரைப் பக்கம் அறிவியல் பேசும் இடங்களில் "நம் முன்னோர் அன்றே நானோ தொழில்நுட்பம் அறிந்தவர்கள்" என்ற பெருமிதம் அடிக்கடி காதில் விழுகிறது. சராசரியாக 0.6 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) விட்டமுள்ள ஒற்றைச் சுவர்க் குழாய்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகச் சிதையாமல் மண்ணில் கிடந்தன என்பது உண்மையிலேயே வியப்புக்குரியது. ஆனால், நானோ குழாய் உருவாவதற்கு யாரும் அதை அறிந்திருக்க வேண்டியதில்லை. எரிவாயுச் சுடரின் புகைக்கரியில்கூட அது தானாக உருவாகிறது. அரிதானது, பழுதில்லாத நீளமான குழாய்.

இதன் அமைப்பு எளிது. ஒவ்வொரு கரிம அணுவும் 0.142 நானோமீட்டர் தொலைவில் உள்ள மூன்று அணுக்களோடு பிணைந்து அறுகோணங்களாகப் பரவினால் அது கிராஃபீன் தாள். அத்தாள் உருளையாகச் சுருண்டதே நானோ குழாய். அது எந்தச் சாய்வில் உருண்டிருக்கிறது என்பதை இரண்டு முழு எண்களால் குறிப்பார்கள். (10,10) குழாயின் விட்டம் 1.36 நானோமீட்டர், (17,0) குழாயின் விட்டம் 1.33 நானோமீட்டர், விட்டத்தில் இவ்வளவு நெருக்கமாக இருந்தும் முன்னது உலோகம், பின்னது குறைகடத்தி. இரண்டு எண்களின் வித்தியாசம் மூன்றால் வகுபட்டால் உலோகத்தன்மை, இல்லையேல் குறைகடத்தித் தன்மை என்ற இந்த விதி, என்னைப் பொறுத்தவரை, இத்துறையிலேயே மிக அழகானது. வளரும்போது ஓர் இடத்தில் அறுகோணங்களுக்கு நடுவே ஓர் ஐங்கோணமும் ஓர் எழுகோணமும் இணையாகப் புகுந்துவிட்டால் போதும், அதற்கு அப்பால் குழாயின் சாய்வும், அதனோடு மின்பண்பும் மாறிவிடக்கூடும்.

ஆகவே நீளத்தைப் பெறுவது வேதியியல் பொறுமையைச் சார்ந்தது. 2004-இல் 4 சென்டிமீட்டர், 2009-இல் 18.5 சென்டிமீட்டர் என்று வளர்ந்த சாதனையை, பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் வெய் ஃபெய் குழுவினர் 2013-இல் 55 சென்டிமீட்டருக்குக் கொண்டுசென்றனர். ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மீத்தேன் சிதைந்து தரும் கரிமத்தை நுனியிலுள்ள இரும்புத் துகள் வாங்கிக் குழாயோடு சேர்க்க, அந்த நுனி வாயு ஓட்டத்தில் மிதந்தபடி வினாடிக்கு 80 மைக்ரோமீட்டருக்கு மேல் முன்னேறுகிறது. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் நூற்றில் ஒரு துகள் செயலிழந்து அதன் குழாய் வளர்ச்சி நிற்பதாக வைத்துக் கணக்கிட்டால், ஆயிரம் குழாய்கள் புறப்பட்டாலும் 55 சென்டிமீட்டரை எட்டுபவை நான்குதான். அந்த நீளத்துக்கு ஒரு (10,10) குழாய் கிடைத்தால், அதில் ஏறத்தாழ 9,000 கோடி அணுக்கள் இருக்கும். எடையோ ஒரு கிராமின் லட்சம் கோடியில் இரண்டு பங்குகூட வராது.

நீளம் ஏன் வேண்டும் என்பதை நூற்பாலையில் வேலை செய்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. குட்டை இழைப் பஞ்சில் நூற்ற நூலை இழுத்தால் இழைகள் அறுவதற்கு முன்பே ஒன்றின்மீது ஒன்று வழுக்கிப் பிரிவதைப் போல, குட்டை நானோ குழாய்க் கற்றையிலும் குழாய்களுக்கு இடையே இருப்பது பிணைப்பில்லாமல் அருகருகே இருப்பதால் மட்டும் எழும் வலுவற்ற வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு மட்டுமே என்பதால், தனிக் குழாயின் 100 ஜிகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு) அளவிலான இழுவலிமை கற்றைக்கு வந்து சேர்வதில்லை. நீண்ட குழாய்களை எடுத்துக்கொண்டாலும், எல்லாம் ஒரே விறைப்பில் இல்லாவிட்டால் அதிகம் விறைத்தவை முதலில் அறுந்து, பாரம் மற்றவற்றின்மீது ஏறிவிடும். சிங்ஹுவா ஆய்வாளர்கள் கற்றையிலுள்ள குழாய்களை ஒருசேர இறுக்கியும் தளர்த்தியும் விறைப்பைச் சமன்செய்து, 2018-இல் 80 ஜிகாபாஸ்கலுக்கு மேல் வலிமை கண்டனர். அவை சில சென்டிமீட்டர் நீளமுள்ள கற்றைகளே. விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுவதாக எழுதுபவர்கள் இந்த அளவை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

மின்கடத்தலில் நிலைமை இன்னும் கடினம். அறை வெப்பநிலையில் உலோகக் குழாயினுள் எலெக்ட்ரான் சிதறாமல் செல்லும் தொலைவு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர்தான். அதற்கு மேல் மின்தடை நீளத்தோடு சேர்ந்து கூடுகிறது. ஒரு மைக்ரோமீட்டருக்கு 6,000 ஓம் என்ற அளவில் கணக்கிட்டால், 55 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒற்றைக் குழாயின் தடை 330 கோடி ஓம் ஆகிறது. ஆகவே தாமிரக் கம்பிக்கு மாற்றாக அது நிற்க வேண்டுமானால், ஒரே சாய்வில் வளர்ந்த உலோகக் குழாய்களைக் கோடிக்கணக்கில் பக்கம் பக்கமாக அடுக்க வேண்டும். இப்போதைக்கு ஒரே தொகுப்பில் உலோகமும் குறைகடத்தியும் கலந்தே வளர்கின்றன.