ஐஸ் டம்ளரில் பானம்: வீட்டிலேயே செய்து பார்த்த விதம்

பானத்துக்குள் ஐஸ் போடுவதற்குப் பதில் ஐஸுக்குள்ளேயே பானத்தை ஊற்றிக் கொடுத்தால் என்ன என்ற ஆசை, வீட்டில் ஒரு விருந்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது வந்தது. ஸ்வீடனின் வடகோடியில் யுக்காஸ்யார்வி என்ற ஊரில், ஐஸாலும் பனியாலுமே கட்டிய ஐஸ்ஹோட்டல் இருக்கிறது. அங்கே பக்கத்தில் ஓடும் டோர்னே ஆற்றின் ஐஸில் செய்த கிளாஸ்களில் பானம் தருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு அறையே ஃப்ரீசர் மாதிரிதான். நமக்கு இருப்பது மைனஸ் 18 டிகிரியில் ஓடும் ஒரு சின்னப் பெட்டி. அதைத் தாண்டி வெளியே வந்த சில நிமிடங்களிலேயே டம்ளர் உருகத் தொடங்கிவிடும். அதனால் அச்சு தேடுவதற்கு முன்னால், ஒரு டம்ளர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தால் போதும் என்பதை முடிவு செய்துகொண்டேன். பேசிக்கொண்டே ஒரு பானத்தைக் குடித்து முடிக்கும் நேரம், அவ்வளவுதான். மற்ற அளவுகளெல்லாம் அதை வைத்துத்தான்.

இதற்கென்றே சிலிகான் மோல்டுகள் விற்கிறார்கள். கழற்றுவது சுலபம், ஆனால் பெரும்பாலும் ஒரே மடக்கில் குடித்துவிடக்கூடிய குட்டி கப் அளவுதான். எனக்குப் பெரிதாக வேண்டும் என்பதால் இரண்டு பிளாஸ்டிக் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று வைக்கும் முறைக்குப் போனேன். வெளி டம்ளருக்கும் உள் டம்ளருக்கும் நடுவில் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் சுவர் சீக்கிரம் கரைந்து ஓட்டை விழும். கூடினால் டம்ளர் கனத்து, பானத்துக்கு இடமே இருக்காது. இரண்டுமே மேலே அகன்று கீழே குறுகியவையாக இருப்பது முக்கியம். நேர் உருளையாக இருந்தால் உறைந்த பிறகு வெளியே வர மறுக்கும். கண்ணாடியை அச்சாக வைக்கவே கூடாது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெரிதாகும், அந்த அழுத்தத்தில் கண்ணாடி விரிசல் விட்டு, ஐஸுக்குள் சில்லுகள் கலந்துவிடலாம். குடிக்கும் பாத்திரத்தில் அந்த விபரீதம் தேவையில்லை.

அடிப்பாகத்தைத் தனியாக முதலில் உறைய வைத்தேன். வெளி டம்ளரில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, கெட்டியானதும் அதன்மேல் உள் டம்ளரை உட்கார வைத்து, பக்கவாட்டில் தண்ணீர் நிரப்ப வேண்டும். இரண்டையும் ஒரே தடவையில் செய்யப் போனால் உள் டம்ளர் மிதக்கும், அடி ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் மெலிந்தும் வரும். அடி உறைந்திருந்தாலும் சுற்றிலும் நிரம்பும் தண்ணீர் உள் டம்ளரை மேலே தள்ளத்தான் பார்க்கும். அதனால் அதற்குள் கழுவிய கூழாங்கற்களைப் போட்டு, வாயின் குறுக்கே பெருக்கல் குறி போல டேப் ஒட்டி நடுவில் நிறுத்தினேன். இரண்டாவதாக ஊற்றும் தண்ணீர் ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்ததாக இருக்கட்டும். சாதாரணத் தண்ணீரை ஊற்றினால் உறைந்த அடி ‘டக்’கென்று வெடிக்கும். விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள், உறையும்போது அது மேலே ஏறி வரும். ஃப்ரீசர் தட்டு சமமாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்திருந்தால் டம்ளரின் வாயும் சாய்ந்துதான் வரும்.

கண்ணாடி போன்ற தெளிவுக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஸ் வெள்ளையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று. உறையும் பகுதி அந்தக் காற்றை இன்னும் உறையாத பக்கம் தள்ளிக்கொண்டே போகும், கடைசியாக உறையும் இடத்தில் அது குமிழிகளாகச் சிக்கிக்கொள்ளும். ஆற்று ஐஸ் மேலிருந்து கீழாக மெதுவாக உறைவதாலும், அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதாலும் தெளிவாக இருக்கிறது. நம் டம்ளருக்கு உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் குளிர் ஏறுவதால், சுவரின் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை விழுந்துவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் தீரும் என்று பலர் சொல்கிறார்கள். கொஞ்சம் குறையும், போகாது. முழுத் தெளிவு வேண்டுமென்றால் தெர்மோகோல் பெட்டியில் ஒரே பக்கமாகக் குளிரைச் செலுத்திப் பெரிய கட்டியாக உறைய வைத்து, பிறகு குடைய வேண்டும். ஒரு மாலை நேர விருந்துக்கு அது அதிகப்படி.

நான் அந்த வெள்ளையை அலங்காரத்தால் மறைத்தேன். புதினா இலை, எலுமிச்சையின் மெல்லிய வட்டங்கள், சாப்பிடத் தகுந்த, மருந்து தெளிக்காத பூவிதழ்கள். எல்லாமே மிதக்கும் என்பதால் ஒரே தடவையில் போட்டால் வாய்ப் பக்கம் கூட்டமாகச் சேர்ந்துவிடும். பாதி உயரம் ஊற்றி, கொஞ்சம் போட்டு, உறைந்த பிறகு மீதியை ஊற்றினால் பரவி நிற்கும். சுவரின் முழுத் தடிமனையும் அடைக்கும் பெரிய துண்டுகள் வேண்டாம், அந்த இடம்தான் முதலில் பலவீனமாகும். பழச்சாற்றையே உறைய வைத்து வண்ண டம்ளர் செய்யலாமே என்று தோன்றும். செய்தும் பார்த்தேன். சர்க்கரை கலந்த தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழேதான் உறையும், உறைந்தாலும் தண்ணீர் ஐஸ் அளவுக்குக் கெட்டியாகாது. கையில் எடுத்தவுடனே இனிப்புச் சாறு முதலில் கசிந்து விரலெல்லாம் பிசுபிசுக்கும். நிறம்தான் வேண்டும் என்றால் தண்ணீரில் ஒரு துளி உணவு நிறமி போதும்.

பொறுமை நிஜமாகத் தேவைப்படுவது அச்சிலிருந்து கழற்றும்போதுதான். ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சில நிமிடம் வெளியே வைத்தேன். அப்புறம் கற்களை எடுத்துவிட்டு, உள் டம்ளரில் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக் கொஞ்சம் பொறுத்துத் திருகினால் அது கழன்று வந்துவிடும். வெளி டம்ளரையும் ஒரு பாத்திரத் தண்ணீரில் முக்கி எடுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். அவசரப்பட்டு வெந்நீர் ஊற்றினால் விரிசல் நிச்சயம். கழற்றிய டம்ளரின் வாய் கரடுமுரடாக, ஒரு பக்கம் மேடாக இருக்கும். அதற்கு நல்ல வழி ஒரு அலுமினியத் தட்டு. டம்ளரைக் கவிழ்த்துத் தட்டின்மேல் வட்டமாகத் தேய்த்தால், அலுமினியம் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் மேடெல்லாம் கரைந்து வாய் மட்டமாகிவிடும். கூர்மையான ஓரத்தை ஈர விரலால் ஒரு சுற்றுத் தடவினால் உதட்டைக் குத்தாது. இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், தேவைக்கு மேலேயே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்தவற்றை உடனே பையில் அடைக்கக் கூடாது, ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தட்டில் தள்ளித் தள்ளி வைத்து மீண்டும் இறுக விட்டு, அதன் பிறகு ஒவ்வொன்றையும் காற்றுப் புகாத பையில் போட்டேன். ஐஸ் பக்கத்தில் இருப்பவற்றின் வாசனையை எளிதில் வாங்கிக்கொள்ளும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்களில் திறந்து வைத்த ஐஸ் நேரடியாக ஆவியாகி மெலியவும் செய்யும்.

விருந்தன்று கவனிக்க வேண்டியது டம்ளரைப் பதப்படுத்துவது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு அது வெண்பனி பூத்து நிற்கும், உதடு பட்டால் ஒட்டிக்கொள்ளும், பானம் விழுந்தால் விரிசல் விடும். மேற்பரப்பு நனைந்து பளபளக்கும் வரை சில நிமிடம் வெளியே இருந்தால் இந்தத் தொல்லைகள் இல்லை.

பானத்தையும் முன்கூட்டியே நன்றாகக் குளிர வைத்திருக்க வேண்டும். எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிராம் ஐஸ் உருக சுமார் 80 கலோரி வெப்பம் வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் 100 மில்லி பானம் பூஜ்ஜியம் வரை குளிர்ந்தால் 2,500 கலோரி விடும், அதாவது டம்ளரில் ஏறக்குறைய 31 கிராம் கரையும். அதே பானம் 5 டிகிரியில் இருந்தால் கரைவது 6 கிராம்தான். உப்பு சேர்த்த பானமும் மதுவும் ஐஸைச் சீக்கிரம் அரித்துவிடும். சோடா வகைகள் ஐஸின் சொரசொரப்பில் பட்டதும் பொங்கி வழியும், அவற்றை மெதுவாகச் சாய்த்து ஊற்ற வேண்டும்.

வெறும் கையில் அதிக நேரம் பிடிக்க முடியாது. ஒவ்வொன்றையும் மடித்த துணி நாப்கினோடு கொடுத்தேன். மேசையில் வைத்தால் உருகிய நீரில் தானாகவே வழுக்கி நகரும் என்பதால், விளிம்புள்ள தட்டில் துணி விரித்து அதன்மேல் வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்காமல் நாலைந்தாக எடுத்துப் பதப்படுத்திக்கொண்டே இருந்தேன். ஒரு முறை மறுபடி நிரப்பலாம், அதற்கு மேல் சுவரை நம்ப முடியாது. அடுத்த சுற்றுக்குச் சாதாரண டம்ளர்களும் தயாராக இருந்தன.

இன்னொன்று, குடித்து முடித்தவர்களுக்கு ஐஸ் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாது. சோபா ஓரத்திலும் புத்தக அலமாரியிலும் வைக்கப் பார்ப்பார்கள். வாசல் பக்கம் ஒன்று, மேசைக்குக் கீழே ஒன்று என்று ஆழமான பாத்திரங்களை வைத்து, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.