லத்தி அள்ளத்தான் சிங்கப்பூர் வந்தோமா?

2010 ஜூனில் சிங்கப்பூர் வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது. சொந்த ஊர் அந்தியூர். பெயரைச் சொன்னதுமே ஈரோட்டுப் பக்கத்து ஆட்கள் "குதிரைச் சந்தையா?" என்பார்கள். ஆடியில் குருநாதசாமி கோயில் திருவிழா வந்தால் காது இரண்டும் உள்பக்கம் வளைந்த மார்வாரியும் கத்தியவாரியும் வரிசையாக நிற்கும், கொட்டுச் சத்தத்துக்குக் கால் மாற்றி ஆடுகிற குதிரையைச் சுற்றிக் கூட்டம் நெரியும். தாத்தா வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். ஆனால் தினமும் போய், நெற்றியில் எத்தனை சுழி, கழுத்தில் எந்தப் பக்கம் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டு வருவார். என் குதிரை அறிவு அவ்வளவுதான்.

நாங்கள் வந்த அதே வருஷம் ஆகஸ்ட்டில் இங்கே முதல் இளையர் ஒலிம்பிக் நடந்தது. அப்பா ஆபீஸில் யாரோ கொடுத்த டிக்கெட்டில் குதிரைப் போட்டி பார்க்கக் கிராஞ்சிக்குப் போனோம். குதிரை ஆடப்போகிறது என்று காத்திருந்தேன், அது தடுப்புக் கம்பங்களைத் தாண்டியது. ஆஸ்திரேலியாவிலிருந்து குதிரைகளைக் கொண்டுவந்து சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அதாவது அந்தப் பிள்ளைகள் சில நாள் மட்டுமே பழகிய குதிரைமேல் ஏறித் தாண்டினார்கள். பள்ளியில் நானும் முன்பின் தெரியாத பிள்ளைகளோடு அப்போதுதான் உட்கார ஆரம்பித்திருந்தேன், அதனாலோ என்னவோ அந்த விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டது.

ஒரு வருஷம் நச்சரித்த பிறகு ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு வகுப்பு, அதுவே வீட்டு பட்ஜெட்டை இடித்தது. மீதி சனிக்கிழமைகளில் லாயத்தில் வேலை செய்தால் அவ்வப்போது கூடுதலாக ஏறவிடுவார்கள். அம்மா முதல்முறை வந்து பார்த்தபோது என் கையில் மண்வாரி, தள்ளுவண்டி நிறைய லத்தி. "லத்தி அள்ளறதுக்கா இத்தனை தூரம் வந்தோம்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

பிடித்ததற்குக் காரணம் அண்ணன். லாயத்தில் குதிரையைக் கவனிப்பவரை இங்கே சைஸ் என்பார்கள். எங்கள் லாயத்து சைஸைத்தான் அண்ணன் என்பேன். மலேசியாவின் ஈப்போ ஊர்த் தமிழர், தினமும் ஜொகூரிலிருந்து விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டி வருபவர். ஏறுபவர்களில் பாதிக்கு மேல் வெள்ளைக்காரப் பிள்ளைகள், மீதி வசதியான வீட்டுப் பிள்ளைகள். தமிழ் கேட்க வேண்டுமென்றால் லாயத்துக்குள்தான் போக வேண்டும். அண்ணன் குதிரைகளிடம் தமிழில்தான் பேசுவார். "இங்க பாரு, சேட்ட பண்ணாத" என்றால் இங்கிலாந்து மட்டக்குதிரை காதைத் திருப்பும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும், அது ஆபத்து. அதனால் சேணத்தை இறக்கியதும் முதுகைத் தடவி ஈரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். குளிப்பாட்டி மின்விசிறி முன்னால் நிறுத்தும்வரை எனக்குத் தண்ணீர் கிடையாது.

என் மட்டக்குதிரை ஒரு வெள்ளைக் கிழம். 148 சென்டிமீட்டர் உயரம் வரைதான் மட்டக்குதிரைக் கணக்கு, இது அதற்கும் கீழே. என் முதல் போட்டியில் தடுப்பு 60 சென்டிமீட்டர் உயரம். நான்காவது தடுப்பு வரை ராணி மாதிரி வந்தேன். ஐந்தாவதில் அது நின்றது, நான் நிற்கவில்லை. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்களே, எனக்குக் கம்பமும் சேர்ந்து மேலே விழுந்தது. விழுந்தால் அத்தோடு போட்டி முடிந்தது. "குதிர பயப்படல பாப்பா, நீதான் அடுத்த கம்பத்தப் பாக்காம இந்தக் கம்பத்தப் பாத்த" என்றார் அண்ணன். அது எத்தனை வருஷம் ஆனாலும் சரியாகத்தான் இருக்கிறது.

2014ல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. ஒரு வருஷம் குதிரை கிடையாது, டியூஷன் மட்டும். (சிங்கப்பூரில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) திரும்பிப் போனபோது அங்கவடியில் என் கால் மட்டக்குதிரையின் வயிற்றுக்கும் கீழே தொங்கியது. பெரிய குதிரைக்கு மாற்றினார்கள், ஓட்டப்பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒன்று. அதற்கு ஓடத் தெரியும், திரும்பத் தெரியாது. வட்டம் சுற்றவே ஐந்தாறு மாதம் ஆனது.

அதைவிடக் கணக்குதான் பெரிய தலைவலி. போட்டிக்கு முன் களத்தில் நடந்து, தடுப்புகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க விடுவார்கள். ஆள் நடையில் நான்கு தப்படி, குதிரைக்கு ஒரு பாய்ச்சல். குதித்து இறங்க இரண்டு தப்படி, அடுத்ததற்கு எழும்ப இரண்டு தப்படி கழித்துக்கொள்ள வேண்டும். பதினாறு தப்படி இருந்தால் நடுவில் மூன்று பாய்ச்சல். மட்டக்குதிரையின் பாய்ச்சல் குட்டை, அதில் ஒன்றைக் கூட்டிப் பழகியிருந்தேன். அதே கணக்கில் பெரிய குதிரையைப் பிடித்து இழுத்தால் கம்பம் விழும், ஒவ்வொன்றுக்கும் நான்கு தண்டப்புள்ளி. நான் ஒரே சுற்றில் 16 வாங்கியிருக்கிறேன். பிறகு 80, 90, ஒரு மீட்டர் என்று ஏறி, இப்போது 1.10ல் நிற்கிறேன். ஒலிம்பிக்கில் 1.60 தாண்டுகிறார்கள், அது வேறு உலகம்.

ஒரு போட்டியில் அப்பா வேலிக்கு வெளியே நின்றிருந்தார். ஒரு அம்மையார் குதிரையிலிருந்து இறங்கி, கடிவாளத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நிறத்தைப் பார்த்து சைஸ் என்று நினைத்துவிட்டார். வாழ்க்கையில் குதிரையைத் தொடாத சாப்ட்வேர்காரர் பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் பிடித்து நின்றார். வீட்டில் சொல்லிச் சிரித்தோம். அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நானா இருந்தா உங்கப்பாவுக்கு ஒரு பன்னாவது வாங்கிக் குடுத்திருப்பேன்" என்றார். நானும் அதற்கப்புறம் அதை வேடிக்கையாகச் சொல்வதில்லை.

2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சி பந்தயத் திடலில் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடியது. அதை நடத்தியது 1842ல் தொடங்கிய சிங்கப்பூர் டர்ஃப் கிளப். என் குதிரையும் ஒரு காலத்தில் அங்கே ஓடியதுதான். அண்ணனுக்குத் தெரிந்த சைஸ்கள் பலர் ஊர் திரும்பினார்கள், அடுத்த பொங்கலுக்கு முன்பே அவரும் ஈப்போ போய்விட்டார்.

போன மாதம் குதிரையின் பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். ஆமாம், போட்டிக் குதிரைக்குப் பாஸ்போர்ட் உண்டு. அதில் குதிரையின் படம் வரைந்து, சுழி எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அடையாளத்துக்காகக் குறி போட்டிருந்தார்கள். படம் எடுத்துத் தாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்துக் குரல்பதிவு வந்தது:

"சுழியெல்லாம் பழுதில்ல கண்ணு. கொள்ளு போடறாங்களா, இல்லையா?"