வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு ஸ்க்ரூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைப்பில் ஓட்டையைப் போட்டது நான்தான். வீட்டைக் கட்டியவர் இல்லை, அன்றைக்குக் குழாய் பதித்தவர் இல்லை, மேல் வீட்டுக்காரர்கள் சத்தியமாக இல்லை. ஆனால் இது எனக்குத் தெரியவருவதற்குள் மேல் வீட்டு அக்காவிடம் ஒன்றரை மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. படிக்கட்டில் பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவிவிடுவேன்.

சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி எங்கள் வீடு. 2006இல் கட்டிய ஃபிளாட். பாத்ரூமுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் நாலரை இஞ்ச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் வாஷ்பேசின், இந்தப் பக்கம் கட்டில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன வாரம், கட்டிலை இழுத்துப் போட்டுப் பெருக்கியபோதுதான் பார்த்தேன். சுவரின் அடியில் பெயின்ட் அப்பளம் மாதிரி எழும்பியிருந்தது. விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக உப்பு.

அந்த வாரம் எங்கள் பக்கத்தில் யார் வீட்டுச் சுவர்தான் காய்ந்திருந்தது? மழை ஈரம் என்று விட்டுவிட்டோம். இரண்டு வாரம் கழித்தும் காயவில்லை என்றதும் மேல் வீட்டு பாத்ரூம் மேல் சந்தேகம் போனது. நான் மேலே போய்க் கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதையான சொல், சண்டைதான் போட்டேன். அக்கா பொறுமையாக, "எங்க வீட்ல எங்கயும் ஒழுகலையேம்மா, வந்து பாத்துக்கோ" என்றார். நான் பார்க்கவில்லை. கோபம் இருக்கும்போது பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

முதலில் வந்த பிளம்பர் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே, பாத்ரூம் மொத்தத்தையும் உடைத்து, தரையை எடுத்து, பைப்பெல்லாம் மாற்றி, புது டைல்ஸ் போட வேண்டும் என்றார். 95,000 ரூபாய், பன்னிரண்டு நாள். வீட்டில் இருப்பதே ஒரு பாத்ரூம். இன்னொருவர் டைல்ஸ் இடுக்கில் ஏதோ கெமிக்கல் பூசினால் போதும் என்றார், 6,500 ரூபாய். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இருவருமே கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தொகைதான் உறைத்தது.

மூன்றாவதாக வந்தவரைப் பால் கடைக்காரர் சொல்லிவிட்டார். அறுபதைத் தாண்டிய மனிதர், டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் ஒரு சிமென்ட் சாக்கு, அதற்குள் சாமான்கள். வந்ததும் பாத்ரூமுக்குப் போகாமல் படுக்கையறைக்குப் போனார். ஈரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தடவினார்.

"இது நடுச் சுவரும்மா. இதுல மழ எப்பிடி வரும்?"

எனக்கு வாய் திறக்கவில்லை.

"மேல் வீட்டுத் தண்ணின்னா சீலிங்ல இருந்து எறங்கணும். இது கீழருந்து ரெண்டரை அடி ஏறி நிக்குது. உங்க வீட்டுத் தண்ணிதான்."

அதற்கு மேல் எதையும் தொடவில்லை. ஒரு பென்சில் கேட்டார். ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதச் சொன்னார். தினமும் காலையில் பார்க்க வேண்டும், ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் புதுக் கோடு. "பொங்கலுக்கு ஊருக்குப் போவீங்கல்ல? கேட் வால்வ மூடாதீங்க. தெறந்தே வெச்சுட்டுப் போங்க. வந்து எனக்கு போன் பண்ணுங்க."

அதன் கணக்கு எனக்குப் பிறகுதான் புரிந்தது. சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் இரண்டு வகை. குழாய்க்கும் ஷவருக்கும் வருகிற நல்ல தண்ணீர்க் குழாயில், மொட்டைமாடி டேங்க்கின் அழுத்தம் இரவும் பகலும் இருக்கும். அது ஒழுகினால் வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒழுகும். கழிவுக் குழாயில் நாம் தண்ணீர் விட்டால்தான் தண்ணீர். ஆக, டேங்க் தண்ணீரை வீட்டுக்குள் விடுகிற அந்த கேட் வால்வைத் திறந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனால் சுவரே பதில் சொல்லிவிடும்.

ஐந்து நாள் கழித்து வந்து பார்த்தேன். ஈரம் கடைசிக் கோட்டிலிருந்து நாலு விரல் இறங்கியிருந்தது. கழிவுக் குழாய்தான்.

இனி எந்தக் கழிவுக் குழாய்? எங்கள் பாத்ரூமில் மூன்று. டாய்லெட் தனியாகப் போகிறது, குளிக்கிற தண்ணீர் தரையில் உள்ள நானி ட்ராப்புக்கு, அதாவது ஜாலி போட்ட வடிகால் குழிக்குப் போகிறது, வாஷ்பேசின் தண்ணீர் ஒன்றரை இஞ்ச் பைப்பில் சுவருக்குள்ளேயே இறங்கி அதே நானி ட்ராப்பில் சேர்கிறது. வாஷ்பேசினை மட்டும் நாலு நாள் நிறுத்தச் சொன்னார். பிளாஸ்டிக் கவரைக் கட்டி வைத்தேன். சமையலறை சிங்க்கில் பல் தேய்ப்பது அருவருப்பாகத்தான் இருந்தது. குளியல் வழக்கம்போல் நடந்தது. கோடு இன்னும் இறங்கியது.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். வாஷ்பேசினுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கேபினெட் மாட்டியிருக்கிறது. அதைக் கழற்றினால்தான் சுவர் தெரியும். நாலு ஸ்க்ரூ. மூன்று ஒழுங்காக வந்தது. கீழே வலது பக்கத்து ஸ்க்ரூவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பியதும் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. உள்ளேயிருந்து டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் ஒரு கோடாக டைல்ஸில் வழிந்தது.

அவர் அந்தத் தலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். துருவில் பாதி கரைந்திருந்தது.

"இத யாரும்மா மாட்டுனது?"

2020 லாக்டவுனில் டிரில்லிங் மிஷின் வாங்கினேன். யாரும் வீட்டுக்கு வர முடியாத காலம். கேபினெட்டை நானே மாட்டி, போட்டோ எடுத்து, ஃபேமிலி குரூப்பில் போட்டு, பதினேழு பேரிடம் கைதட்டல் வாங்கியிருந்தேன். இரண்டு இஞ்ச் ஸ்க்ரூ. டைல்ஸுக்குப் பின்னால் பைப் இருக்கும் என்ற நினைப்பே வரவில்லை. டிரில் ஓர் இடத்தில் சட்டென்று லேசாக உள்ளே போனதுகூட ஞாபகம் இருக்கிறது. செங்கல் பூஞ்சையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பின் ஏன் மூன்று வருஷத்துக்கு மேல் ஒழுகவில்லை? அவரிடம் கேட்டேன். ஸ்க்ரூவே ஓட்டைக்கு மூடியாக இருந்திருக்கிறது. ஆனால் அதன் முனை பைப்புக்குள் நீட்டிக்கொண்டிருந்ததால், இறங்கி வருகிற முடியெல்லாம் அதில் சுற்றிக்கொண்டது. முடியில் சோப்பும் பேஸ்ட்டும் ஒட்டி அடைத்தது. எங்கள் வாஷ்பேசினில் ஒன்றரை வருஷமாகத் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும், அதற்கு நாங்கள் மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றுவோம். அந்த ஆசிட் அடைப்பைக் கரைத்ததோ இல்லையோ, இரும்பு ஸ்க்ரூவை நன்றாகத் தின்றிருக்கிறது. மூடி போய்விட்டது. அடைப்பு அப்படியே இருந்ததால் தண்ணீர் ஓட்டைக்கு மேல் தேங்கி நின்று, நிதானமாகச் சுவருக்குள் இறங்கியது. ஒன்று விடாமல் எல்லாம் என் கைங்கரியம்.

இருந்தாலும் அவருக்கு ஒரு சந்தேகம். இந்த ஓட்டை மட்டும்தானா, கீழே ஜாயின்ட்டிலும் ஒழுகுகிறதா? துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் கேட்டார். வாஷ்பேசினை அடைத்து, நிறைய தண்ணீர் பிடித்து, அரை மூடி நீலம் கலந்து ஒரேயடியாகத் திறந்துவிட்டார். ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து நீலமாக எட்டிப் பார்த்தது. தரையோரத்தில், டைல்ஸ் சேருகிற இடத்தில் எதுவும் இல்லை. இருந்தாலும், "உள்ள பாத்தாத்தான் நெசம்" என்றார்.

உடைப்பதற்கு முன் ஒரு பேச்சு. எட்டுக்குப் பன்னிரண்டு டைல்ஸ், அந்த டிசைன் இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. இப்படிக் கிடைக்காத டைல்ஸ் என்றால் பின்பக்கமாகப் போவார்களாம். படுக்கையறைப் பக்கம் பூச்சையும் செங்கலையும் எடுத்துவிட்டு பைப்பை முதுகுப் பக்கமாகப் பிடிப்பது. அங்கே சிமென்ட் பூசி பெயின்ட் அடித்தால் தடயம் இருக்காது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. உடைகிற இடம் கேபினெட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

மேலும் கீழுமாக இரண்டே டைல்ஸ். நேராகச் சுத்தியலைப் போடவில்லை. கட்டிங் மிஷினால் சுற்றியிருக்கிற இடுக்குச் சிமென்டை மட்டும் முதலில் அறுத்தார். அப்போதுதான் அதிர்வு பக்கத்து டைல்ஸுக்குப் போகாதாம். பிறகு நடுவில் ஒரு குத்து, அங்கிருந்து ஓரத்தை நோக்கி உளியால் சின்னச் சின்னத் தட்டு. தூசிதான் தாங்கவில்லை. பாத்ரூம் கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தும் கூடத்து டிவி வரைக்கும் வெள்ளை.

டைல்ஸ் வந்ததும் நீலம் காட்டிக்கொடுத்தது. சிமென்டில் ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் எட்டணா அளவுக்கு ஒரு நீல வட்டம், அதிலிருந்து கீழே ஒரு வால். ஜாயின்ட் பக்கம் சுத்தமாக இருந்தது.

ஓட்டையில் எம்-சீல் வைத்து அடைத்துவிடலாமே என்றேன். அவர் பதில் சொல்லாமல் பைப்பை டார்ச்சில் காட்டினார். ஓட்டையிலிருந்து மேலே ஒரு மயிரிழை விரிசல். ஸ்க்ரூ ஏறும்போதே பைப் கீறியிருக்கிறது. உள்ளே சோப்புப் பிசுக்கு, வெளியே ஈரம். இதில் எந்தப் பசையும் நிற்காது, நின்றாலும் விரிசல் அதைத் தாண்டி ஓடும். அந்தத் துண்டையே வெட்டி எடுக்க வேண்டும்.

வெட்டுவது சுலபம், மாட்டுவதுதான் வித்தை. மேலேயும் கீழேயும் பைப் சுவரில் அசையாமல் இருக்கிறது. நடுவில் புதுத் துண்டை எப்படி நுழைப்பது? இரண்டு பைப்பைச் சேர்க்கக் கடையில் வாங்கும் கப்ளிங்குக்குள் நடுவில் ஒரு சின்ன வரம்பு இருக்கும், பைப் அதற்கு மேல் போகாமல் தடுக்க. அவர் பாத்ரூம் படியில் உட்கார்ந்து, அரைவட்ட அரத்தால் இரண்டு கப்ளிங்கிலும் அந்த வரம்பைத் தேய்த்து எடுத்தார். அடிக்கொரு தரம் விரலை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டார். கால் மணி நேரம் ஆனது. இப்போது கப்ளிங் வளையல் மாதிரி பைப்பில் முழுசாக ஏறி இறங்கியது.

ஆக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஃப்ரேம் இல்லாமல் கையாலேயே அறுத்தார். ஏழு இஞ்ச் துண்டு வெளியே வந்தது. அதற்குள் இருந்ததை வர்ணிக்க மாட்டேன். என் முடிதான், எல்லாம் ஒரு ஸ்க்ரூ முனையில். வெட்டிய வாய்களை உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, கப்ளிங்குகளைப் பைப்பில் முழுக்க ஏற்றி, புதுத் துண்டை நடுவில் வைத்து அளவு பார்த்தார். கப்ளிங் முடிகிற இடத்தில் பென்சில் அடையாளம். பிறகு பைப் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, கப்ளிங்கை லேசாகத் திருகியபடியே அடையாளம் வரை தள்ளி, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் மூச்சுக்கூட விடவில்லை. சொல்யூஷன் பாதி வழியில் பிடித்துவிட்டால் மறுபடி அறுக்க வேண்டியதுதானாம்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விடக் கூடாது. மறுநாள் மீண்டும் சொட்டு நீலம். புது ஜாயின்ட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் கட்டிவிட்டுப் போனார். நாலு நாள் பயன்படுத்தியும் பேப்பர் வெள்ளையாகவே இருந்தது.

மூடுவதில்தான் எனக்கும் கொத்தனாருக்கும் ஒத்துப்போகவில்லை. சிமென்ட் பூசி ஏதாவது ஒரு டைல்ஸை ஒட்டிவிடலாம் என்றார் அவர். எனக்கு மறுபடியும் உடைக்கிற யோசனையே பிடிக்கவில்லை. ஓட்டையின் அளவுக்கு ஒரு பிவிசி ஷீட்டை வெட்டி, ஓரத்தில் சிலிகான் போட்டு ஒட்டச் சொன்னேன். நாளைக்கு ஏதாவது என்றால் பிளேடால் சிலிகானைக் கீறினால் போதும். "இது என்னம்மா, சுவத்துக்கு ஜன்னலா?" என்று சிரித்தார். கேபினெட் அதை மறைத்துவிட்டது. அதன் புது ஸ்க்ரூக்கள் பைப்பிலிருந்து ஆறு இஞ்ச் தள்ளி இருக்கின்றன, எல்லாமே துருப்பிடிக்காத ஸ்டீல். உடைத்திருந்தபோது இஞ்ச் டேப்பைப் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோவை பிரின்ட் போட்டுக் கேபினெட் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

படுக்கையறைச் சுவரை உடனே பூச வேண்டாம் என்று பிளம்பர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உப்புப் பிடித்த பூச்சை மூன்றடி உயரத்துக்குக் கொத்திவிட்டு, செங்கல் தெரிய அப்படியே விட்டோம். மேலே வருகிற உப்பை உலர்ந்த பிரஷால் தட்டினேன். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும். பிப்ரவரியில் தொடங்கி மே வரைக்கும் கட்டில் நடு அறையில் கிடந்தது. விருந்தாளிகள் வரும்போதெல்லாம் விளக்கம் சொல்லி மாளவில்லை. அக்னி நட்சத்திரத்தில் சுவர் முழுதாகக் காய்ந்த பிறகுதான் பூச்சும் பெயின்டும்.

மொத்தச் செலவு: பிளம்பருக்கு இரண்டு நாள் கூலி 2,400, பைப், கப்ளிங், சொல்யூஷன், சிலிகான் எல்லாம் சேர்த்து 640, கொத்தனாருக்கும் பெயின்டருக்கும் 4,300.

மேல் வீட்டு அக்காவிடம் ஒரு டப்பா அதிரசத்தோடு போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, நன்றாகச் சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு டவல் ராடை அட்டைப் பெட்டியோடு எடுத்து வந்தார்.

"உன் மிஷினக் கொஞ்சம் குடேன். பாத்ரூம்ல இத மாட்டணும்னு ரொம்ப நாளா கெடக்கு."

அவர்கள் வீடும் எங்கள் வீட்டின் அதே பிளான்தான். நான் இஞ்ச் டேப்பையும் போட்டோவையும் எடுத்துவரக் கீழே இறங்கினேன்.