பதிமூன்று மார்க்கில் கோபம் எங்கே?

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் கணக்கு எழுதுகிறேன். போன வருஷம் எனக்கு வந்தது மனச்சோர்வுதான், ஆனால் போர்த்திப் படுத்துக் கிடக்கிற வகை இல்லை. நடுராத்திரியில் எழுந்து, அந்தக் குளிரில் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பேன். பச்சை இலை கொண்டு வருகிறவர் எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும், கத்திவிடுவேன். அன்றைக்கே அழுகையும் வரும்.

முதலில் பார்த்த டாக்டர், மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளை நீட்டினார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. எனக்கு 13 வந்தது. 10 முதல் 14 வரை மிதமான மனச்சோர்வு என்று கணக்கு. மாத்திரை எழுதினார். தூக்கம் இன்னும் கெட்டது, கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அப்புறம்தான் ஊட்டியில் மனநல மருத்துவரிடம் போனேன். அவர் மொத்தத்தைப் பார்க்கவே இல்லை, நேராக எட்டாவது கேள்விக்குப் போனார். மற்றவர்கள் கவனிக்கிற அளவுக்கு மந்தமாக நடப்பது, பேசுவது. அல்லது அதற்கு நேர்மாறாக, நிலைகொள்ளாமல் அலைவது. இரண்டும் ஒரே கட்டத்தில்! நான் போட்ட 3 இதில் எதைச் சொல்கிறது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. கோபத்துக்கோ தனிக் கேள்வியே கிடையாது. பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 தாளில்தான், ஆறாவதாக, எரிச்சல் வருகிறது. கணக்கு எழுதுகிறவனாகச் சொல்கிறேன், இரண்டு செலவை ஒரே தலைப்பில் போட்டால் ஆடிட்டர் விடமாட்டார்.

என் மனைவியையும் உள்ளே கூப்பிட்டார். "சோர்ந்து உட்கார்ந்தாக்கூட பரவாயில்லைங்க டாக்டர், இவரு உட்காரவே மாட்டேங்கிறாரு" என்றாள். தூக்கம் குறைந்தும் சுறுசுறுப்பாக இருந்த நாட்கள் உண்டா, எண்ணங்கள் விரட்டுகிறதா, வீட்டில் யாருக்காவது மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற இருமுனைக் கோளாறு உண்டா என்று நிறையக் கேட்டார். சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்றும் சுற்றி வளைக்காமல் கேட்டார். அதை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பதில் சொன்னதும் பாரம் குறைந்தது.

கலப்பு மனச்சோர்வு என்றார், அதாவது சோர்வோடு அதற்கு நேர்மாறான பரபரப்பும் கலந்து வருவது. மருத்துவ உலகிலேயே இதில் ஒத்த கருத்து இல்லையாம். 2013இல் வந்த டிஎஸ்எம்-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு, கலப்பு அறிகுறிகளின் பட்டியலில் எரிச்சலையும் படபடப்பையும் சேர்க்கவில்லை. வேறு கோளாறுகளிலும் அவை வருகின்றன என்பது காரணம். ஆனால் ரோமில் பணிபுரிந்த கூக்கோபுலோஸ் என்ற மனநல மருத்துவர் அவற்றைத்தான் மையமாக வைத்தார். அவர் பெயரில் ஓர் அளவுகோல் உண்டு. அதை நோயாளி நிரப்புவதில்லை, மருத்துவர் பேசிப் பார்த்து மதிப்பிடுகிறார்.

இந்த வகையில் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலருக்குப் படபடப்பு கூடலாம் என்று சொல்லி மருந்தை மாற்றினார். நானாக எதையும் நிறுத்தவில்லை. வீட்டில் ஒரு நோட்டில் தூக்கம், அலைச்சல், கோபம் என்று தனித்தனிக் கட்டம். கோபக் கட்டத்தை மட்டும் மனைவி நிரப்புகிறாள், என் எண்ணும் அவள் எண்ணும் ஒத்துப்போவதே இல்லை. தாங்க முடியாத ராத்திரிக்கு என்று அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மனஸின் 14416 எண்ணையும் அட்டையில் எழுதியிருக்கிறாள். தூக்கம் முதலில் சரியானது. கோபம் இன்னும் மெதுவாகத்தான் இறங்குகிறது.