தீயணைப்பு வீரருக்கும் பேச உரிமை வேண்டும்

எரிகிற வீட்டுக்குள் இரண்டு பேர் நுழைந்தால், ஏதாவது ஆனால் அவர்களைத் தூக்கி வர இன்னும் இரண்டு பேர் வெளியே காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு தயாராக நிற்க வேண்டும். அமெரிக்கத் தீயணைப்பு வேலையில் இது அடிப்படை. ஆனால் வண்டியில் மூன்று பேரா நான்கு பேரா என்று நகராட்சியோடு பேசி தொழிற்சங்கம் ஒப்பந்தம் போட வட கரோலினா மாநிலத்தில் வழியே இல்லை, 1959ல் வந்த சட்டம் அப்படி ஒரு ஒப்பந்தமே செல்லாது என்கிறது. சங்கம் அமைத்து முதலாளியோடு பேசும் உரிமையைத் தரும் 1935ன் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டமோ மாநில, நகர ஊழியர்களைச் சேர்க்கவே இல்லை.

2007ல் இதை மாற்றும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் 314-97 என்று நிறைவேறியது, வேலைநிறுத்தத்துக்குத் தடையும் அதிலேயே இருந்தது, அப்படியும் சட்டமாகவில்லை. காசு கொடுப்பது உள்ளூர், முடிவும் உள்ளூர்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். சரி, எடுக்கட்டும். எதிரே உட்கார்ந்து பேசுவதையே மறுப்பது எப்படி நியாயம்? வர்ஜீனியா மாநிலத்தில் 2021 மே முதல் அந்தந்த ஊர் விரும்பினால் சங்கத்தோடு பேசி ஒப்பந்தம் போடுவதை அனுமதிக்கலாம். அப்புறம் என்ன, ஒரே தீயை அணைக்கிறவருக்கு இந்த ஊரில் உரிமை உண்டு, பக்கத்து ஊரில் இல்லை.