சுண்ணாம்பு கேட்ட யட்சியும் மிட்டாய் கேட்கும் பேயும்

அமெரிக்காவில் குடியேறி, கொலுப்படிக்குப் பலகை வாங்கப் போகும் குமரி மாவட்டத்துக் களியக்காவிளைக்காரருக்குக் கடை வாசலிலேயே அதிர்ச்சி காத்திருக்கும். அக்டோபர் 31 ராத்திரி பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் ஹாலோவீனுக்காக 12 அடி உயர எலும்புக்கூடு, கண் இரண்டும் உருள நிற்கும். ஹோம் டிப்போ என்ற வீட்டுச் சாமான் கடை 2020-இல் இதை 299 டாலருக்கு முதன்முதலாக இறக்கியது. இப்போது தெருவில் இரண்டு வீட்டுக்காவது இருக்கிறது, சில வீட்டில் வருஷம் முழுக்க இருக்கிறது. பலகையைக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினால் பக்கத்து வீட்டுப் புல்தரையில் ஐந்தாறு கல்லறை, மேப்பிள் கிளையில் தலைகீழாக ஒரு பிணம். வீடியோ காலில் இதைப் பார்க்கும் நம் அம்மைமார் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆராவது செத்துப்போச்சா மக்களே?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. விளக்கு வைத்த பிறகு உக்கிரத் தெய்வமான இசக்கி பேரை வாய்விட்டுச் சொல்லாமல் வளர்ந்தவர்கள் நாம். இசக்கி கோயில் உள்ள முப்பந்தல் தாண்டும்போது பஸ்ஸில் இருந்தபடியே ஒரு கும்பிடு போட்டால்தான் மேற்கொண்டு பேச்சு. அப்படி வந்தவர்களுக்கு, பேயைப் பிளாஸ்டிக்கில் செய்து வாசலில் நட்டு அதற்குச் சாண்டா தொப்பியும் மாட்டும் ஊரைப் பார்த்தால் முதலில் கோபம்தான் வரும். சிரிப்பு வருவதற்கு இரண்டு அக்டோபர் பிடிக்கும்.

நீலி கதை தெரிந்தவர்களுக்கு இந்த ஊர் வழக்கத்தைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சி ராத்திரி வழிமறித்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கையால் எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது கதை. இரும்பாணி நுனியில் வைத்து நீட்ட வேண்டும் என்பது பாட்டிமார் சொல்லித்தந்த பாதுகாப்பு. இங்கே பேய் வீடு தேடி வந்து பெல் அடித்து மிட்டாய் கேட்கிறது, கூடவே பின்னால் டார்ச்சோடு அதன் அப்பாவும் நிற்கிறார். ஆணிக்குப் பதிலாக இங்கே உள்ள விதி வாசல் விளக்கு. எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வரக்கூடாது. புதிதாக வந்தவர்கள் இது தெரியாமல் விளக்கைப் போட்டுவிட்டு, ஒரு மிட்டாய்கூட இல்லாமல் உள்ளே பதுங்கிக்கொண்டிருப்பார்கள். பெல் அடித்துக்கொண்டே இருக்கும்.

தனி வீடுகள் உள்ள தெரு என்றால் 100 முதல் 150 மிட்டாய் கைவசம் வைத்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு கொடுங்கள். எத்தனை பிள்ளைகள் வரும் என்று எதிர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது, தெருவுக்குத் தெரு மாறும். நிலக்கடலை உள்ளதைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் அதிகம். நீலப்பச்சை நிறம் பூசிய பூசணி வாசலில் இருந்தால் அந்த வீட்டில் தின்பண்டத்துக்குப் பதில் பென்சில், ஸ்டிக்கர் கிடைக்கும் என்று பொருள். ஆளுக்கு ஒன்று என்று எழுதி வாசலில் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனால் முதலில் வரும் மூன்று பேரோடு கிண்ணம் காலி. முந்திரிக்கொத்து சுட்டுக் கொடுக்கலாமே என்று ஒரு ஆசை வரும். வேண்டாம். கம்பெனிப் பொதி பிரிக்காமல் இருந்தால்தான் பெற்றோர் தின்னவிடுவார்கள். பாசிப்பயறு வறுத்துத் திரித்துப் பாகு காய்ச்சிய உங்கள் உழைப்பு நேராகக் குப்பைக்குப் போகும்.

பூசணி விஷயத்தில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. முகம் வெட்டுவதற்கென்று மலைமாதிரி குவித்திருக்கும் ஆரஞ்சுப் பூசணியை எரிசேரிக் கூட்டுக்கு வாங்கிவிடாதீர்கள், நாரும் தண்ணீரும்தான் மிஞ்சும். நம் பரங்கியின் இனத்தைச் சேர்ந்தது பட்டர்நட் பூசணி. அதுதான் குழைந்து, தேங்காயோடு ஒட்டும். டின்னில் அடைத்து வருகிற பூசணிக்கூழும் பெரும்பாலும் அந்த இனம்தான். ஆரஞ்சுக் காயை வாங்கினால் முகம் வெட்டத்தான் வேண்டும். அதிலும் பலர் தப்புச் செய்கிறார்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒடிந்தால் அங்கிருந்துதான் அழுகும். திறப்பை மேலே வெட்டுவதைவிட அடியிலோ முதுகிலோ வெட்டினால் வடிவம் தாங்கும். மேலேதான் வேண்டும் என்றால் கத்தியை உள்நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள், நேராக வெட்டிய மூடி காய்ந்து சுருங்கியதும் தொப்பென்று உள்ளே விழும். சுவர் ஒரு அங்குலம் நிற்கும்வரை சுரண்டுங்கள். கனமாக விட்டால் ஈரம் தங்கும், கண்ணிலும் பல்லிலும் வெளிச்சம் வராது. நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பிளீச் கலந்து உள்ளும் வெளியும் துடைத்துக் காயவைத்தால் பூஞ்சை பிடிக்க இரண்டு நாள் கூடும். ஆனாலும் 28-ஆம் தேதிக்கு முன் வெட்டாதீர்கள். அவசரப்பட்டு மாதத் தொடக்கத்தில் வெட்டிய வீடுகளில் ஹாலோவீன் அன்று வாயெல்லாம் உள்ளே மடிந்து, பல் போன கிழவர் போல ஒன்று உட்கார்ந்திருக்கும். மிச்சத்தை அணில் தின்றிருக்கும்.

வாசலில் கோர முகம் வைத்தால் கெட்டது அண்டாது என்பது நமக்குப் புதிதா என்ன? புது வீட்டுத் தடியங்காயில், அதாவது நீர்ப்பூசணியில், மீசையும் கோரைப்பல்லும் வரைந்து கட்டித் தொங்கவிட்டவர்கள்தானே. அயர்லாந்தில் இதை டர்னிப் கிழங்கில் குடைந்தார்கள், அமெரிக்கா வந்ததும் பூசணிக்கு மாறினார்கள். கப்பல் ஏறி வந்தவர்கள் கிடைத்த காயில் சடங்கைத் தொடர்ந்த கதை அது. பட்டர்நட்டில் எரிசேரி வைக்கும் நாம் அதில் குறை சொல்ல முடியாது.

இதெல்லாம் வாசலோடு சரி. நம்மவரில் பேய்ப்படப் பைத்தியங்களுக்கு உண்மையான அக்டோபர் வீட்டுக்குள்தான் தொடங்குகிறது, அதுவும் வீட்டின் சத்தத்தில். ஊரில் கல்லும் சிமெண்டும் போட்ட வீடு ராத்திரி வாய் திறக்காது. தேங்காய் விழும், ஓட்டின்மேல் மரநாய் ஓடும், அவ்வளவுதான். இங்கே வீடு மரச்சட்டத்தில் நிற்கிறது. வெயில் இறங்கிக் குளிர் ஏறும்போது மரம் சுருங்கி ஒவ்வொரு மூட்டாக முனகும். ஹீட்டர் தொடங்கியதும் தகரக் குழாய் சூடேறி விரிந்து டங்கென்று ஒரு அடி கொடுக்கும். மேல்மாடியில் ஆளே இல்லாமல் ஆள் நடக்கும் சத்தம் கேட்கும். முதல் குளிர்காலத்தில் மூன்று மணிக்கு எழுந்து விபூதி தேடாத வீடு குறைவு. அமெரிக்கப் பேய்ப்படங்களில் பாதி பயம் ஏன் படிக்கட்டிலும் மச்சிலும் நிலவறையிலும் இருக்கிறது என்று அப்போதுதான் புரியும். களியக்காவிளையில் இருந்து பார்த்தபோது அது வெறும் பின்னணி இசை, இங்கே அது வீட்டு நிலவரம்.

மரத்துக்கும் பேய்க்கும் உள்ள உறவு நமக்கும் தெரியாததில்லை. 1993-இல் வந்த மலையாளப் பேய்க்கதைப் படமான 'மணிச்சித்ரத்தாழ்' படத்தின் சில பகுதிகளை எடுத்தது தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையில். குமரி மாவட்டத்துக்குள் இருந்துகொண்டு கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் நிற்கும் அந்த மரக்கட்டடத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்கள், அந்த மரப்படியின் முனகலைக் காதில் கொண்டே விமானம் ஏறியிருக்கிறோம்.

ஆறுதலுக்குப் பேய்ப்படமா என்று வீட்டில் கேட்பார்கள். ஆறுதல்தான், முறையாகப் பார்த்தால். ஒரு ராத்திரிக்கு இரண்டு படம் போதும். முதலில் புதியது, அடுத்து ஏற்கெனவே பத்துத் தடவை பார்த்தது. வரிசையை மாற்றினால் தூக்கம் போகும். தெரிந்த படத்தில் பேய் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது என்று தெரியும், அந்தக் கதவு வரும்வரை காத்திருப்பதே சுகம். திடுக்கிட வைக்கும் காட்சி வேலை செய்வது சத்தத்தால் இல்லை, அதற்கு முந்தைய அமைதியால். குளியலறைக் கண்ணாடி அலமாரியைத் திறப்பார்கள், பின்னணி இசை நின்றுபோகும், மூடும்போது கண்ணாடியில் இன்னொரு முகம். எந்த நொடியில் இசை நின்றது என்று ஒரு தடவை கவனித்துவிட்டால் அடுத்த படத்தில் மூச்சை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளலாம்.

கிசுகிசுப்பு கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டி வைப்பீர்கள், அடுத்த நிமிடம் அலறல் வரும், கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டுவார். டிவி ஒலி அமைப்பில் இரவு முறை என்று ஒன்று இருக்கும். அது சின்னச் சத்தத்தை ஏற்றிப் பெரிய சத்தத்தை இறக்கும். அதைப் போட்டுக்கொண்டு திரையில் வசன எழுத்தையும் ஓடவிடுங்கள். அசைவை மழமழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது இருந்தால் எந்தப் பேயும் சீரியல் மாமியார் போலத்தான் தெரியும். முழு இருட்டும் வேண்டாம். டிவிக்குப் பின்னால் சின்ன விளக்கு ஒன்று எரிந்தால் கண் வலிக்காது, கறுப்பும் நல்ல கறுப்பாகத் தெரியும். காசில்லாமல் தொடங்க நினைப்பவர்கள் 1968-இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தைத் தேடலாம். வெளியானபோது காப்புரிமை அறிவிப்பைப் போட மறந்ததால் அமெரிக்காவில் அது பொதுச்சொத்து. 1978-இன் 'ஹாலோவீன்' படத்தை இரண்டாம் தடவை பார்க்கும்போது மரங்களைப் பாருங்கள். இல்லினாய்ஸின் இலையுதிர்காலம் என்று சொல்லி, கலிபோர்னியாவின் வசந்தகாலத்தில் எடுத்தது. சருகுக்கு நிறம் பூசித் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கி எடுத்து மறுபடி தூவியிருக்கிறார்கள். ஒரு மூலையில் பனை வகை மரமும் எட்டிப்பார்க்கும். வேறு ஊரில் நின்றுகொண்டு தன் ஊராக நடிப்பதில் நமக்குள்ள அனுபவத்துக்கு அந்தப் படம் பிடிக்காமல் போகாது.

வேஷத்துக்கு ரத்தம் வேண்டுமென்றால் ஒரு கப் சோளப்பாகில் ஒரு மேசைக்கரண்டி சிவப்பு உணவுச்சாயமும் ஒரு தேக்கரண்டி கொக்கோவும் போதும். கொக்கோ போடாவிட்டால் ரோஸ்மில்க் நிறம் வரும். நம் குருதி பூஜை வழியும் உண்டு, மஞ்சளும் சுண்ணாம்பும். தோலில் சுண்ணாம்பு பொரிக்கும் என்பதால் மஞ்சளோடு சமையல் சோடா சேர்த்தால் செங்கல் நிறம் கிடைக்கும், ஆனால் துணியில் பட்டால் அந்தச் சட்டையை மறந்துவிட வேண்டியதுதான். குளிர் ஊர்களில் வேஷத்தை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே ஸ்வெட்டர் போக வேண்டும். மேலே கோட்டு மாட்டினால் டிராகுலா அஞ்சல்காரர் ஆகிவிடுவார்.

இத்தனையும் பழகியவர்களுக்குக்கூடத் தீராத மனத்தாங்கல் ஒன்று உண்டு. இந்த ஊர்ப் பேய் எட்டரை மணிக்குப் படுக்கப் போய்விடுகிறது! சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து, மிட்டாய் எண்ணி, பல் தேய்த்து, மறுநாள் பள்ளிக்கூடம். ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு அந்த நேரத்தில் வில்லுப்பாட்டுக்காரர் குடத்தைச் சும்மாட்டில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். பாட்டு சூடுபிடிக்கப் பத்தாகும். பிள்ளைகள் பாயில் பாதி உறக்கத்தில் கிடப்பார்கள், கருப்பட்டிக் காப்பி வரும். சாமத்தில் சாமியாடி பந்தத்தோடு சுடுகாட்டைப் பார்த்து ஓடும்போது வழியெல்லாம் கதவடைக்கும், யாரும் பார்க்கக்கூடாது, கதவிடுக்கில் எல்லாரும் பார்ப்பார்கள். அந்த வெளிச்சம் ஒரு நொடி சுவரில் ஓடி அடங்கும். இரண்டாவது படத்தை நடுச்சாமத்தில் போட்டுக்கொண்டு போர்வைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் தேடுவது அந்த ஒரு நொடியைத்தான். யட்சி குடியிருக்கும் ஏழிலைப்பாலை பூத்து மணக்கும் மாதமும் இதே அக்டோபர். இங்கே ஜன்னலைத் திறந்தால் ஈரச் சருகும், அடுத்த வீட்டு விறகுப் புகையும் மணக்கும். அதுவும் நல்ல மணம்தான், யட்சி வரமாட்டாள், அவ்வளவுதான்.

மறுநாள் நவம்பர் 1. 1956-இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். இங்கே மிட்டாய் பாதி விலைக்கு வரும் நாள், அடுத்த வருஷத்துக்கு என்று வாங்கினால் சாக்லேட் வெளுத்துப்போகும், கம்மர்கட் மாதிரிக் கட்டியானவை நிற்கும். அதற்கு மறுநாள் கல்லறைத் திருநாள். ஹாலோவீன் என்பதே சகல புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவு என்றுதான் பொருள், மூன்றாம் நாளை நாம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம், முதல் நாளைத்தான் இங்கே வந்து பார்க்கிறோம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அன்று காலை எட்டு மணி வாக்கில் வீடியோ காலைப் போட்டால் குமரிக் கடற்கரைக் கோயில்களின் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளையடித்த கல்லறைகளில் வரிசை வரிசையாக மெழுகுவர்த்தி தெரியும். காற்றுக்கு நிற்காத திரியைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் இறக்கி வைப்பார்கள். பூசணிக்குள் நிஜ மெழுகுவர்த்தி வைப்பவர்களும் அதையே செய்யலாம், கண் துவாரத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பாமல், முதுகில் புகை போக ஒரு சின்ன ஓட்டை விட்டு.