மூச்சு வாங்குமிடம்

ஆகஸ்டு மாதத்து மதியத்தில், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க டிபன் பாக்ஸை மேலே வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் பாட்டு எழுதுவது என் வேலைகளில் ஒன்று. எழுதுவது என்றால் இயற்றுவது அல்ல. எல்லோருக்கும் தெரிந்த பழைய கேரல் பாட்டை எடுத்து, கிளாரினெட்டுக்கு இது, டிரம்பெட்டுக்கு இது, டியூபாவுக்கு இது என்று பங்கு பிரித்துக் கொடுப்பது. பெரம்பூரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கூடத்தில் எங்கள் பேண்டு ஒத்திகை பார்க்கும். மொத்தம் 26 பேர். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிற பேண்டு செட் ஆட்கள், நான் சொல்லிக்கொடுக்கும் பள்ளிப் பிள்ளைகள்.

வெளிநாட்டில் அச்சான தாள்களையே வாங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் லெராய் ஆண்டர்சன் 1950இல் பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவுக்காகத் தொடுத்த கிறிஸ்துமஸ் பாட்டுகளின் மாலை பேண்டுக்கும் கிடைக்கிறது, அருமையான வேலை. ஆனால் அப்படிப்பட்ட தாள்கள் ஓபோவும் பசூனும் நான்கு ஹார்னும் இருக்கும் வீட்டுக்கு எழுதியவை. எங்களிடம் ஹார்ன் ஒன்று, யூஃபோனியம் மூன்று. இருக்கிற காய்கறியை வைத்துத்தான் சாம்பார்.

தொடங்கிய வருடங்களில் நான் செய்தது எளிமையான தவறு. சபைப் பாட்டுப் புத்தகத்தில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என நான்கு குரல் வரிசை இருக்கும். அவற்றை அப்படியே 26 பேருக்குப் பகிர்ந்து கொடுத்தேன். ஆர்மோனியத்தின் மேல் யாரோ உட்கார்ந்துவிட்டது போல ஒலித்தது. ஆல்டோ வரிசை பெரும்பாலும் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்கும். பாடுகிறவருக்கு அது தெரியாது, சொல் மாறிக்கொண்டே போகிறதல்லவா. எங்கள் ஹார்ன் வாசிப்பவருக்குச் சொல் இல்லை. ஒரே சுரத்தை ஏழு முறை ஊதிவிட்டு, “தம்பி, இதற்கு ரயில் என்ஜின் போதுமே, நான் எதற்கு?” என்றார். ஒரு பாட்டின் நான்கு கவிகளுக்கும், அதாவது சரணங்களுக்கும், ஒரே மெட்டு என்பதும் அப்படித்தான். சொல் இருக்கும்போது கதை நகர்கிறது. சொல்லை எடுத்துவிட்டால் ஒரே தெருவை நான்கு முறை சுற்றி வருகிறோம்.

அடுத்தது கட்டையை, அதாவது பாட்டின் சுருதியைத் தேர்ந்தெடுப்பது. ‘ஜாய் டு த வேர்ல்ட்’ பல புத்தகங்களில் டி மேஜரில் இருக்கும். பேண்டில் அது வம்பு. பி ஃபிளாட் கருவிகளான கிளாரினெட்டும் டிரம்பெட்டும் தாங்கள் எழுதிப் படிக்கும் சுரத்தைவிட ஒரு முழு சுரம் கீழே ஒலிக்கும். அதனால் அவர்களுக்கு ஒரு முழு சுரம் மேலே எழுத வேண்டும். அப்போது தாளில் நான்கு ஷார்ப்புகள் (சுரத்தை அரைப்படி ஏற்றும் குறிகள்), ஆல்டோ சாக்ஸபோனுக்கு ஐந்து. எட்டாம் வகுப்புப் பையன் அந்தத் தாளைப் பார்த்தாலே வயிற்று வலி என்று லீவு எழுதிக் கொடுப்பான். ஆகவே பி ஃபிளாட்டுக்கு இறக்கினேன். பேண்டுக்கு நோகாத வழி. மேல் ‘டோ’வில் (நம் மேல் ‘ச’) தொடங்கி கீழ் ‘டோ’வுக்குப் படிப்படியாக இறங்குகிற முதல் வரியைப் பிள்ளைகள் இரண்டே நாளில் ஊதிவிட்டார்கள்.

கேட்க வந்தவர்களுக்கு அது நோகும் என்று எனக்கு உறைக்கவில்லை. ‘கேட்க வந்தவர்கள்’ என்பதே என் தவறான கணக்கு. ராயபுரத்திலோ காசிமேட்டிலோ வண்ணாரப்பேட்டையிலோ ஒரு கேரல் பாட்டை வாசித்துவிட்டு, ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதல் சுரம் எழுந்ததும் பாடுவார்கள். அன்று பி ஃபிளாட்டில் வரி கீழே இறங்க இறங்க, முன்வரிசை அக்காக்களின் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது.

இருந்தாலும் அடுத்த வருடம் நான் திருந்தியிருக்கவில்லை. இன்னும் கெட்டிக்காரனாக ஆகியிருந்தேன். ‘சைலன்ட் நைட்’ பாட்டில் இரண்டாம் கவி முடிந்ததும் நான்கு பார் (தாளக் கட்டம்) இடையிசை, அதில் நானாகச் சேர்த்த சோகமான சில கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), அதன் வழியே பி ஃபிளாட்டிலிருந்து சி-க்கு ஏற்றம். எழுதி முடித்த இரவு எனக்கு நானே தேநீர் போட்டுக் குடித்தேன், அவ்வளவு திருப்தி.

ராயபுரத்தில் ஒரு கோயில் வளாகம், திறந்தவெளி. தாளில் ‘சைலன்ட் நைட்’ என்றிருந்தாலும் கூட்டம் பாடியது ‘ஒப்பில்லா திரு இரா’. இரண்டாம் கவி முடிந்தது. என் இடையிசை தொடங்கியது. இரண்டு பார் வரை பொறுத்த கூட்டம், பேண்டு வழி தவறிவிட்டது என்று முடிவு செய்து, மூன்றாம் கவியைப் பழைய கட்டையிலேயே எடுத்துக்கொண்டது. இங்கே நாங்கள் சி-க்கு ஏறிக்கொண்டிருக்கிறோம். இரண்டு ரயில்கள் ஒரே பாதையில். பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் எல்லோர் பங்கும் எழுதிய ஸ்கோர் தாளைப் பார்க்கிறேன்.

அப்போது முதல் யூஃபோனியம் வாசிக்கும் மாஸ்டர் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். கூட்டம் பாடிய இடத்தில், கூட்டம் பாடிய கட்டையில், மெட்டை ஊதத் தொடங்கினார். ஒவ்வொருவராக அவர் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். டிரம் பையன் கடைசி. இல்லை, நான்தான் கடைசி.

மாஸ்டர் நாற்பது வருடம் பேண்டு செட்டில் வாசித்தவர். அன்றிரவு கருவியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சாவு ஊர்வலத்தில் பாடை நின்றால் பாட்டு நடக்கக் கூடாது தம்பி. ஜனங்களின் காலைப் பார்த்துத்தான் ஊத வேண்டும். நீ தாளைப் பார்த்து எழுதியிருக்கிறாய்.” கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் வீட்டுக்குப் போகிற வரை காது சுட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டின் பழைய கதையை ஒழுங்காகப் படித்தேன். ஜோசப் மோர் எழுதிய கவிதைக்கு ஃபிரான்ஸ் சேவர் குரூபர் மெட்டமைத்து, 1818 டிசம்பர் 24 அன்று சால்ஸ்பர்க்குக்குப் பக்கத்து ஓபெர்ன்டோர்ஃபில் முதன்முதலாகப் பாடியபோது இரண்டு ஆண் குரல்களும் ஒரு கிட்டாரும்தான். கடைசி வரிகளை மட்டும் பாடகர் குழு திருப்பிப் பாடியது. எலி ஆர்கனைக் கடித்துவிட்டதால்தான் கிட்டார் என்பதெல்லாம் பிற்காலக் கட்டுக்கதை. இரண்டு குரலுக்கும் ஒரு கிட்டாருக்கும் பிறந்த பாட்டுக்கு நான் 26 பேரை ஏவிவிட்டிருக்கிறேன்.

இப்போது மூன்றாம் கவியில் இரண்டு கிளாரினெட், கிட்டார் தந்தி போல மெல்லத் தட்டும் ஒரு யூஃபோனியம், அவ்வளவுதான். மற்றவர்கள் கருவியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். டிரம்பெட்காரர்களுக்கு அது ஓய்வும்கூட. இந்தப் பாட்டின் உச்ச சுரம் ஏறக்குறைய முடிவில் வருகிறது, உதடு களைத்த பிறகு. பிள்ளைகளின் பெற்றோர் சிலர், “எங்கள் பையன் சும்மா உட்கார்ந்திருந்தானே” என்று வருத்தப்பட்டார்கள். நியாயம்தான்.

எல்லாப் பாட்டிலும் இப்படி அடங்கிப் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ‘கேள் ஜென்மித்த ராயர்க்கே’ மெட்டை ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் 1840இல் எழுதியது கிறிஸ்துமஸுக்கே அல்ல; அச்சுக்கலை தந்த குட்டன்பர்க் விழாவுக்காக, ஆண் குரல்களுக்கும் பித்தளைக் கருவிகளுக்கும். 1855இல்தான் கம்மிங்ஸ் என்பவர் அதைச் சார்லஸ் வெஸ்லியின் வரிகளோடு பொருத்தினார். இந்த மெட்டு பக்திப் பாட்டுக்குச் சரிப்படாது என்பது மெண்டல்சனின் எண்ணம். ஆகவே அதில் டிராம்போன்களை அவிழ்த்துவிடுவதில் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை. பிறந்த வீட்டுக்குத்தானே திரும்புகிறது.

‘ஜாய் டு த வேர்ல்ட்’ இப்போது ஈ ஃபிளாட். அக்காக்களுக்குச் சௌகரியம். ஆனால் டிரம்பெட் எடுத்த எடுப்பிலேயே மேல் ‘எஃப்’ பிடிக்க வேண்டும். குளிர்ந்த உதட்டுக்கு அது கொடுமை. முதல் வரியைக் கிளாரினெட்டுகளுக்குக் கொடுத்து, டிரம்பெட்டை இரண்டாம் வரியில் சேர்த்தேன். கவிகளுக்கு நடுவே இடையிசை இல்லை, ஒரு மூச்சு மட்டும்.

அந்த மூச்சு எங்கே என்பதில்தான் இப்போது என் நேரமெல்லாம் போகிறது. காற்றுக் கருவிக்காரன் நுரையீரல் காலியான இடத்தில் மூச்சு வாங்குவான். பாடுகிறவர் சொல் முடிந்த இடத்தில் வாங்குவார். இரண்டும் சேர்ந்தால்தான் கூட்டமும் பேண்டும் சேரும். அதனால் எல்லாப் பார்ட்டிலும் சுரங்களுக்குக் கீழே தமிழ் வரிகளையும் எழுதத் தொடங்கினேன். ‘ஒப்பில்லா’வில் ‘லா’ என்ற நெடில் மூன்று எண்ணிக்கைக்கு நிற்கும் சுரத்தில் வந்து உட்காருகிறது. அடுத்து ‘இரா’வின் ‘ரா’வும் அப்படியே. மொழிபெயர்த்தவருக்கு நல்ல காது. இதைப் பார்த்த பிறகு பிள்ளைகள் அந்தச் சுரங்களை நடுவில் வெட்டுவதில்லை.

போன வாரம் வியாசர்பாடியிலிருந்து வரும் டியூபா பையன் தாளைக் காட்டி, “சார், இராவுக்கு எதற்குத் திரு?” என்று கேட்டான். பக்கத்திலிருந்தவன், “அப்படியென்றால் பகலுக்குத் திருமதியா?” என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு, மாஸ்டர் உட்பட. பதில் சொல்வதற்குள் ரயில் போனது. அது போய் முடிகிற வரை எங்கள் கூடத்தில் யாரும் எதுவும் பேச முடியாது. மூன்றாம் கிளாரினெட் பார்ட்டுக்கு இன்னும் வரிகள் எழுதவில்லை. இன்றிரவு அதை முடிக்க வேண்டும்.